பட்டம் எதற்கு? தமிழகத்தில் மேற்படிப்பை நாடியவர்களின் வரலாறு

தமிழகத்தில் சோறும் நெல்லும் கொடுத்து மாணவரை மேற்படிப்பு படிக்கவைத்த வழக்கம் ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது. முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் எண்ணாயிரம் என்னும் ஊரில் நடந்த கல்லூரியில் 340 மாணவரும் 14 ஆசிரியரும் இருந்தனர் என்றும், அவர்களைப் பேண 45 வேலி நிலம் விடப்பட்டிருந்தது என்றும் கல்வெட்டு தெரிவிக்கிறது. வேதமும் இலக்கணமும் மீமாம்சையும் அங்கே பாடங்கள். பிற்காலத்தில் திருவாவடுதுறை போன்ற சைவ மடங்களில் தமிழ் பயின்றவர்கள் புலமையையும், புலவர்களை ஆதரிக்கும் செல்வர்களின் தயவையும் நாடினர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் உ.வே.சாமிநாதையர் பாடம் கேட்டது அந்த முறையின் கடைசிக் காலத்தில். அங்கே தேர்வும் இல்லை, பட்டமும் இல்லை. யாரிடம் பாடம் கேட்டார் என்பதே ஒருவருடைய தகுதி.

உத்தியோகம்

தேர்வும் சான்றிதழும் ஆங்கில ஆட்சியோடு வந்தன. 1839-இல் சென்னையில் ஏறத்தாழ 70,000 பேர் கையெழுத்திட்ட விண்ணப்பம் ஒன்று ஆளுநர் எல்ஃபின்ஸ்டன் பிரபுவிடம் அளிக்கப்பட்டது. ஆங்கிலவழி உயர்கல்விக்கு அரசு ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது அதன் கோரிக்கை. அதையொட்டித் தோன்றிய பள்ளியே பின்னாளில் மாநிலக் கல்லூரியாக வளர்ந்தது.

மக்கள் கல்லூரி கேட்டதற்கான காரணத்தை 1844-ஆம் ஆண்டு உத்தரவு வெளிப்படையாக்கியது. அரசு வேலைகளில் ஆங்கிலக் கல்வி பெற்றவர்களுக்கு முன்னுரிமை தரப்படும் என்று தலைமை ஆளுநர் ஹார்டிஞ்ச் அறிவித்தார். கச்சேரிக் குமாஸ்தா முதல் முன்சீப் வரை எல்லாப் படிகளும் அதற்குப் பிறகு படிப்போடு பிணைந்தன. 1854-இல் வந்த சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கை பல்கலைக்கழகங்களுக்கு வழி செய்தது. 1857 செப்டம்பர் 5 அன்று சென்னைப் பல்கலைக்கழகம் சட்டப்படி அமைந்தது.

அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்தார்: சி.வை.தாமோதரம்பிள்ளை, விசுவநாதபிள்ளை. வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிகள் 1823-இல் தொடங்கிய செமினரியில் படித்தவர்கள் இவர்கள். தாமோதரம்பிள்ளை அரசுக் கணக்குத் துறையில் பணியாற்றினார். பின்னர் சட்டம் பயின்று புதுக்கோட்டையில் நீதிபதியானார். பட்டம் அவருக்குப் பதவி தந்தது. அவரோ பதவிக்கு நடுவே ஏடுகளைத் தேடி 1881-இல் வீரசோழியத்தையும் 1885-இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887-இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். பட்டம் தந்த சம்பளம் பதிப்புத் தொழிலுக்குத் துணை நின்றது.

பலருக்குப் பட்டம் வரை போக முடியவில்லை. மெட்ரிகுலேஷன் ஒரு படி, எஃப்.ஏ. அடுத்த படி, பி.ஏ. அதற்கும் மேல். ஆங்கிலத் தாளில் தவறி நடுப்படியில் நின்றவர்கள் ஏராளம். கும்பகோணம் கல்லூரியில் சேர்ந்த சீனிவாச ராமானுஜன் கணிதத்தில் மூழ்கி மற்றப் பாடங்களில் தவறினார், உதவித்தொகையை இழந்தார். 1907-இல் சென்னையில் மறுபடி எழுதிய எஃப்.ஏ. தேர்விலும் தோற்றார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா வேலை அவருக்குக் கிடைத்தது. அறிவுக்காகவே படித்தவருக்கு அன்றைய தேர்வு முறையில் இடமில்லை. மறு ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகமே மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்து அந்தக் குறையை ஈடுசெய்தது.

அந்தஸ்தும் கல்யாணமும்

உத்தியோகத்துக்காக வந்த பட்டம் விரைவிலேயே உத்தியோகம் இல்லாமலும் மதிப்புப் பெற்றது. பெயருக்குப் பின்னால் பி.ஏ., பி.எல். என்று பலகை மாட்டுவது குடும்பத்தின் அந்தஸ்து ஆனது. தேர்வில் தவறியவர்கள்கூட "பி.ஏ. ஃபெயில்" என்று சொல்லிக்கொண்டதுண்டு, கல்லூரி வாசலை மிதித்ததே ஒரு தகுதி.

இந்த மதிப்பு கல்யாணச் சந்தையில் ரொக்கமாக மாறியது. மாப்பிள்ளையின் படிப்பு உயர உயர வரதட்சணையும் உயர்ந்தது. மகனைப் பட்டணத்துக்கு அனுப்பிப் படிக்கவைக்க நிலத்தை அடகு வைத்த தந்தை, அந்தக் கடனை மருமகள் கொண்டுவரும் பணத்தில் தீர்க்கலாம் என்று கணக்குப் போட்டார். 1961-இல் வரதட்சணைத் தடைச் சட்டம் வந்த பிறகும் டாக்டர் மாப்பிள்ளை, இன்ஜினியர் மாப்பிள்ளை என்ற பேச்சு ஓயவில்லை.

பெண்கள்

கல்யாணத்துக்கு உதவும் என்று ஆண்களின் படிப்பு வளர்ந்த அதே காலத்தில், கல்யாணம் கைவிட்ட பெண்கள் படிப்பை நாடினர். சிறு வயதிலேயே கணவனை இழந்த ஆர்.எஸ்.சுப்புலட்சுமி 1911-இல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். மறு ஆண்டே இளம் விதவைகளுக்கு இல்லம் தொடங்கினார். அது பின்னர் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டடத்துக்கு இடம் மாறியது. அங்கே தங்கிப் படித்தவர்களில் பலர் ஆசிரியைகளாயினர். தலை மழித்து மூலையில் உட்காரவைக்கப்பட்ட பெண்ணுக்கு ஆசிரியப் பயிற்சி என்பது சொந்தச் சோறு. 1914-இல் இராணி மேரி கல்லூரியும் 1915-இல் பெண்கள் கிறித்தவக் கல்லூரியும் சென்னையில் திறக்கப்பட்டன.

படிப்பை நாடியவர்கள் விதவைகள் மட்டுமல்ல. முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டையில் ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில் மன்னரின் அனுமதியோடு சேர்ந்து, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் பிற்காலத்தில் அவரை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அமைக்கத் தூண்டியது.

மூன்றாமவர் லலிதா. சென்னையில் வாழ்ந்த தெலுங்குக் குடும்பத்தைச் சேர்ந்த இவர், கைக்குழந்தையோடு பதினெட்டு வயதில் விதவையானார். மருத்துவம் படித்தால் நேரங்காலம் பார்க்காமல் ஓட வேண்டும். குழந்தையை யார் பார்ப்பது? குறித்த நேரத்துக்குப் போய்த் திரும்பும் வேலை தரும் படிப்பாக அவர் தேர்ந்தது மின்பொறியியல். தந்தை கிண்டி பொறியியல் கல்லூரியில் பேராசிரியர். 1940-இல் அங்கே சேர்ந்தபோது ஆண்கள் மட்டுமே படித்த வகுப்பு அது. படிப்பை முடித்தவருக்குக் கொடுக்கப் பெண்பாலில் அச்சடித்த சான்றிதழ் கல்லூரியிடம் இல்லை. ஆண்பாலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைப் பேனாவால் அடித்துப் பெண்பாலாகத் திருத்திக் கொடுத்தார்கள். இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரான அவர், பின்னர் பக்ரா நங்கல் அணையின் மின்கடத்துத் தடங்களை வடிவமைக்கும் பணியிலும் பங்கேற்றார்.

பங்கு கேட்டவர்கள்

யார் படித்தார்கள் என்ற கேள்வி 1910-களில் அரசியலானது. 1914-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பதிவுபெற்ற பட்டதாரிகள் 650 பேரில் 452 பேர் பிராமணர். பிராமணரல்லாத இந்துக்கள் 124 பேர். மற்றவர்கள் 74 பேர். உயர் உத்தியோகத்துக்குப் பட்டம் வழி ஆனதால், ஆட்சியின் நாற்காலிகளிலும் இந்த ஏற்றத்தாழ்வு தெரிந்தது. 1916 டிசம்பரில் வெளிவந்த பிராமணரல்லாதார் அறிக்கை இந்த ஏற்றத்தாழ்வை முன்வைத்தது. சி.நடேச முதலியார் கிராமங்களிலிருந்து வரும் மாணவர்களுக்குத் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் என்ற விடுதி நடத்தினார். படிக்க வந்தவனுக்குச் சென்னையில் தங்கவும் உண்ணவும் இடம் கிடைக்காததே அன்று பெரிய தடை.

இவ்வாறு மேற்படிப்பு ஒரு தனிமனிதனின் முன்னேற்றம் என்பதைத் தாண்டி ஒரு சமூகத்தின் உரிமை ஆயிற்று. பிராமணரல்லாதாருக்காகத் தோன்றிய நீதிக்கட்சியின் ஆட்சிக் காலத்து வகுப்புவாரி ஆணை முதலில் உத்தியோகங்களைப் பங்கிட்டது. பிறகு கல்லூரி இடங்களும் பங்கிடப்பட்டன. மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்கள் தொடர்பான செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையைச் செல்லாதென்றது. தமிழகத்தில் எழுந்த கிளர்ச்சியைத் தொடர்ந்து அதே ஆண்டில் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது. இட ஒதுக்கீட்டுக்குச் சட்டக் காப்பு கிடைத்தது.

இன்ஜினியரிங் அலை

1984-இல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குத் தமிழக அரசு கதவைத் திறந்தது. 2000-இல் சென்னைத் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. கணினி நிறுவனங்கள் கல்லூரிக்கே வந்து வேலைக்கு ஆள் எடுக்கும் வளாகத் தேர்வு, பெற்றோரின் முடிவுகளை மாற்றியது. பொறியியல் கல்லூரிகளின் எண்ணிக்கை 500-ஐத் தாண்டியது. மகனோ மகளோ எதைப் படிக்க விரும்புகிறார்கள் என்பதைவிட, எந்தக் கல்லூரியில் எத்தனை நிறுவனங்கள் வருகின்றன என்பதே கேள்வியானது.

அலை தணிந்தபோது பழைய காரணம் திரும்பி வந்தது. 2022-இல் அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப்-4 தேர்வுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். இளநிலை உதவியாளர், கிராம நிர்வாக அலுவலர் போன்ற அந்தப் பணிகளுக்குப் பத்தாம் வகுப்பே போதும். விண்ணப்பித்தவர்களில் பட்டதாரிகளும் பொறியாளர்களும் ஏராளம். 1844-இல் கல்லூரிக்கு ஆள் சேர்த்த கச்சேரி வேலையின் இழுப்பு இன்னும் குறையவில்லை.

அரசின் கணக்கு மாறுகிறது

படிக்கவைப்பதில் அரசின் நோக்கமும் மாறியுள்ளது. 1989-இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திட்டம், படித்த ஏழைப் பெண்ணின் திருமணத்துக்குப் பணம் தந்தது. 2011 முதல் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. பட்டம் பெற்றவர்களுக்கு உதவித்தொகை 50,000 ரூபாயானது. 2022 செப்டம்பரில் அந்தத் திட்டம் புதுமைப்பெண் ஆயிற்று: அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துக் கல்லூரி செல்லும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். திருமண நாளில் கிடைத்த பணம் படிக்கும் மாதங்களில் கிடைக்கலாயிற்று. 2021-22 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். இந்திய அளவில் 28.4.

2010 முதல், ஒற்றைச் சாளர முறையில் தொழிற்படிப்பில் சேரும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளின் கல்விக் கட்டணத்தை மாநில அரசு ஏற்கிறது. அதற்கு வருவாய்த் துறையிடம் முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்க வேண்டும். விண்ணப்பதாரர் தரும் உறுதிமொழியில் தந்தைவழித் தாத்தா பாட்டி, தாய்வழித் தாத்தா பாட்டி, தந்தை, தாய், உடன்பிறந்தோர் என ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே கல்வித் தகுதி எழுதப்படுகிறது. அவர்களில் ஒருவரும் பட்டதாரியாக இல்லாவிட்டால்தான் சான்றிதழ் கிடைக்கும். ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே அது வழங்கப்படும்.