ஹாலோவீன்: கையேந்துவதா, கொடுத்து வாங்குவதா?



2024-ல் தீபாவளி அக்டோபர் 31 அன்று வந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு அன்றைக்கே ஹாலோவீனும். காலையில் கங்கா ஸ்நானம், மாலையில் பேய் வேஷம்! அந்த வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் நடந்த வாக்குவாதம் பலருக்கு நினைவிருக்கும். நியூஜெர்சியில் இருக்கும் மாணவி ஒருத்தி, "பேத்தியை வீடு வீடாகக் கையேந்த விடுவதா என்று மாமியார் வருத்தப்படுகிறார், சார்" என்று எழுதினாள். டொராண்டோக்காரர் ஒருவர், போன ஊரோடு ஒத்துப்போக வேண்டியதுதான் என்றார். பேய் பிசாசைக் கூப்பிடும் பண்டிகை நமக்கெதற்கு என்றார் இன்னொருவர். கடைசியில் என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள். தீர்ப்புச் சொல்ல நான் நாட்டாமை இல்லை, சரித்திர வாத்தியார். அதனால் சரித்திரத்தைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெயர். நவம்பர் 1 கிறிஸ்தவ மரபில் அனைத்துப் புனிதர்கள் திருநாள். அதற்கு முந்தைய மாலைக்கு ஆங்கிலத்தில் இருந்த பெயர்தான் தேய்ந்து ஹாலோவீன் ஆனது. நவம்பர் 2, இறந்தவர்களின் ஆன்மாக்களை நினைக்கும் நாள். நம் ஊர்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் கல்லறைகளைச் சுத்தம் செய்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றும் கல்லறைத் திருநாள் அதுதான். இதற்கும் முன்னால், அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கத்துக் கெல்டிக் மக்கள் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் வேளையில் சாவின் என்ற விழா எடுத்தார்கள். அந்த இரவில் இவ்வுலகத்துக்கும் மறு உலகத்துக்கும் நடுவே உள்ள கதவு திறக்கும் என்பது நம்பிக்கை. பேய்க்கதை வந்த வழி அது.

வீடு வீடாகப் போகும் வழக்கம் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தில் இந்த நாட்களில் ஏழைகளும் சிறுவர்களும் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். வீட்டுக்காரர் 'சோல் கேக்' என்ற சிறிய ரொட்டியைக் கொடுப்பார். வாங்கியவர் அந்த வீட்டில் இறந்தவர்களுக்காக ஜெபம் செய்வார். ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் பிள்ளைகள் வேஷம் கட்டிக்கொண்டு போவார்கள். ஒரு பாட்டு, ஒரு செய்யுள், ஏதாவது ஒரு வித்தை காட்டினால்தான் கொட்டையோ ஆப்பிளோ காசோ கிடைக்கும். இரண்டிலும் ஒன்றைக் கவனியுங்கள். வாங்குகிறவர் சும்மா வாங்கவில்லை. பதிலுக்கு ஒன்று கொடுத்தார்.

இதைப் பற்றிப் பெரியவர்கள் சண்டை போடுவதும் அன்றே தொடங்கிவிட்டது. 16-ஆம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தத்தில் புராட்டஸ்டண்டுகள், செத்தவர்களுக்காக ஜெபிப்பதில் பொருளில்லை என்றார்கள். அந்த ஜெபத்தை எடுத்துவிட்டால் வாசலில் நிற்பவர் யார்? வெறும் பிச்சைக்காரர். ஷேக்ஸ்பியர் தன் நாடகம் ஒன்றில், புலம்பிப் பேசுவதற்கு இந்தத் திருநாள் காலத்துப் பிச்சைக்காரரைத்தான் உவமையாகச் சொல்கிறார். நியூஜெர்சி மாமியாரின் கவலைக்கு 400 வயது ஆகிறது.

19-ஆம் நூற்றாண்டில், குறிப்பாக 1845-க்குப் பிந்தைய பெரும் பஞ்சத்தில், ஐரிஷ் மக்கள் லட்சக்கணக்கில் அமெரிக்கா போனார்கள். ஸ்காட்லாந்துக்காரர்களும் போனார்கள். அவர்களோடு இந்த இரவும் போயிற்று. ஆனால் அமெரிக்காவில் முதலில் வளர்ந்தது தின்பண்டம் அல்ல, குறும்பு. பையன்கள் வீட்டு கேட்டைக் கழற்றி ஒளித்துவைப்பார்கள், ஜன்னல் கண்ணாடியில் சோப்பைப் பூசுவார்கள், கொல்லைக் கழிப்பறையைக் கவிழ்ப்பார்கள். கிராமத்தில் இது சிரிப்பு. பெரிய நகரத்தில், அதுவும் 1930-களின் பொருளாதார மந்தத்தில், சிரிப்பு போய்விட்டது. கார்களைக் கவிழ்ப்பது, தந்திக் கம்பத்தை அறுப்பது என்று வளர்ந்தது.

பெரியவர்கள் இரண்டு கட்சி ஆனார்கள். தடை செய் என்றது ஒன்று. பிள்ளைகளுக்கு வேறு வேலை கொடு என்றது மற்றொன்று. மினசோட்டா மாநிலத்தின் அனோகா நகரம் 1920-லேயே ஊர்வலமும் கொண்டாட்டமும் நடத்திப் பையன்களை அந்தப் பக்கம் திருப்பியது. அயோவாவின் டெ மோய்ன் நகரம் 1938-ல் அக்டோபர் 30-ஐப் 'பிச்சைக்காரர் இரவு' என்றே பெயர் வைத்து ஒதுக்கியது. அங்கே ஒரு விதி: பிள்ளைகள் ஒரு நகைச்சுவைத் துணுக்குச் சொன்னால்தான் மிட்டாய். பழைய ஸ்காட்லாந்துப் பாட்டு, புது ஊரில் ஜோக்காக மாறிவிட்டது.

'ட்ரிக் ஆர் ட்ரீட்' என்ற சொல் பிறந்ததும் இந்தக் காலத்தில்தான். கனடாவின் ஆல்பர்ட்டாவில் பிளாக்கி என்ற சிற்றூர்ச் செய்தியில் 1927-லேயே இது அச்சில் வந்திருக்கிறது. தின்ன ஏதாவது தருகிறாயா, இல்லை குறும்பு செய்யட்டுமா என்பது பொருள். பல பெரியவர்களுக்கு இது பிடிக்கவில்லை. மிரட்டிப் பணம் பறிப்பதைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதா என்று கேட்டார்கள். போர்க்காலத்தில் 1942 முதல் 1947 வரை அமெரிக்காவில் சர்க்கரைக்கு ரேஷன் இருந்தது, வழக்கமும் அடங்கியிருந்தது. ரேஷன் போனதும் திரும்பிப் பெருகியது. 1948-ல் நியூயார்க்கில் மேடிசன் ஸ்கொயர் சிறுவர் மன்றத்துப் பையன்கள், அமெரிக்கச் சிறுவர்கள் பிச்சை எடுக்க மாட்டார்கள் என்று எழுதிய பதாகையோடு ஊர்வலம் போனார்கள். நம் பாட்டிமார்கள் சொன்னதையே அவர்கள் நமக்கு முன்பே வீதியில் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள்!

அதற்கு ஒரு நல்ல பதில் 1950-ல் பிலடெல்பியா பக்கத்திலிருந்து வந்தது. ஒரு போதகரும் அவர் மனைவியும் முன்னின்று, பிள்ளைகளிடம் காலிப் பால் அட்டைப்பெட்டிகளைக் கொடுத்து, போரில் அடிபட்ட நாட்டுக் குழந்தைகளுக்காக யுனிசெஃப் நிறுவனத்துக்குச் சில்லறை சேர்க்கச் சொன்னார்கள். முதல் வருஷம் 17 டாலர் சேர்ந்தது. பிறகு நாடு முழுக்கப் பரவியது. பழைய ஜெபம் போன இடத்தில் ஒரு தர்மம் வந்து உட்கார்ந்தது.

அடுத்து வந்தது பயம். ஆப்பிளுக்குள் பிளேடு, மிட்டாயில் விஷம் என்று 1960-கள் தொடங்கிப் பெற்றோர் நடுங்கினார்கள். 1974-ல் டெக்சஸில் 8 வயதுப் பையன் சயனைடு கலந்த மிட்டாய்ப் பொடி தின்று இறந்தான். கொடுத்தது முகம் தெரியாத யாரோ அல்ல. இன்சூரன்ஸ் பணத்துக்காகப் பெற்ற தகப்பனே செய்தான். ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியல் அறிஞர் 1958 முதல் வந்த செய்திகளை ஒன்றுவிடாமல் துருவி, 1985-ல் கட்டுரை வெளியிட்டார். முன்பின் தெரியாதவர் கொடுத்த பண்டத்தால் ஒரு குழந்தை இறந்ததாகவோ பலத்த காயம் அடைந்ததாகவோ அவருக்கு ஒரு சம்பவம்கூடக் கிடைக்கவில்லை.

உண்மையான ஆபத்து சாலையில் இருக்கிறது. 42 ஆண்டு அமெரிக்க விபத்துக் கணக்கை எடுத்து ஆராய்ந்தவர்கள், ஹாலோவீன் மாலையில் நடந்து போகிறவர் மரணம், முந்தைய, பிந்தைய வாரங்களின் அதே மாலையைவிட 43 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். மிட்டாயைப் பிரித்துப் பிரித்துப் பார்க்கும் பெற்றோர், பிள்ளையின் கறுப்பு உடையில் ஒளிரும் பட்டை ஒன்று ஒட்டினால் புண்ணியம்.

இப்போதைய சண்டை, யார் கதவைத் தட்டலாம் என்பது. வர்ஜீனியாவின் செசபீக் நகரத்தில் 1970 முதல், 12 வயதைத் தாண்டியவர் தட்டினால் சிறைத் தண்டனைகூட உண்டு என்று சட்டம் இருந்தது. 2019-ல்தான் வயதை 14 ஆக்கி, சிறையை நீக்கினார்கள். 2014-ல் ஒரு இணைய இதழின் ஆலோசனைப் பகுதிக்கு, வசதியான தெருவில் வசிக்கும் ஒருவர், ஏழைப் பகுதிப் பிள்ளைகள் காரில் வந்து இறங்கி எங்கள் மிட்டாயை வாங்கிப்போகிறார்களே என்று எழுதினார். பதில் எழுதியவர், இன்னும் கொஞ்சம் மிட்டாய் வாங்கி வையுங்கள் என்று சொல்லிவிட்டார். சரியான பதில்.

பாருங்கள், சமயம், மானம், மிரட்டல், விஷம், வயது, வசதி என்று காரணம் மாறிக்கொண்டே வந்தது. அடியில் கேள்வி ஒன்றுதான்: என் வாசலில் நிற்கும் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு நான் என்ன கடன்பட்டிருக்கிறேன்? பிள்ளை பதிலுக்கு எதையாவது கொடுத்த காலத்தில் யாருக்கும் அது பிச்சையாகப் படவில்லை. கொடுப்பது மறந்துபோன போதெல்லாம் பிச்சை என்ற சொல் வந்தது.

ஆகவே என் கருத்து இது. மதக் காரணத்தால் வேண்டாம் என்பவர்கள் வேண்டாம் என்று இருக்கட்டும்; அதில் தப்பில்லை, பக்கத்து வீட்டைப் பழிக்காமல் இருந்தால் போதும். அனுப்புகிறவர்கள், பிள்ளைக்கு ஒரு பாட்டோ விடுகதையோ சொல்லிக்கொடுத்து அனுப்புங்கள். நம்மிடம் விடுகதைக்கா பஞ்சம்? ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்லட்டும். வெளியூரிலிருந்து குடியேறிய குடும்பத்துக்கு, தெருவில் உள்ள எல்லாக் கதவும் சிரித்த முகத்தோடு திறக்கும் இரவு வருஷத்தில் இது ஒன்றுதான். உங்கள் வாசல் விளக்கையும் எரிய விடுங்கள். மீசை முளைத்த பையன் வந்து நின்றாலும் வயதைக் கேட்காமல் கொடுங்கள்.

நீங்கள் இருக்கும் ஊரில் வழக்கம் எப்படி என்று கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் சரித்திர வாத்தியார்