கலெக்டர் ஆபீஸ் இல்லாத பெரிய ஊர்கள்

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி ராஜபாளையம் நகராட்சியில் 1,30,442 பேர். ஸ்ரீவில்லிபுத்தூரில் 75,396 பேர். மாவட்டத் தலைநகரான விருதுநகரிலோ 72,296 பேர்தான். பெரிய ஊர்க்காரர்கள் திங்கட்கிழமை மனுவோடு பஸ் ஏறிச் சின்ன ஊருக்குப் போகிற மாவட்டம் இது. நிர்வாக வரலாறு எழுத உட்கார்ந்தால் முதலில் எதிரே வந்து நிற்பது இந்த விசித்திரம்தான்.

1910-க்கு முன் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துக்காரர்களான நாம் திருநெல்வேலிச் சீமை. 1910-இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்து ராமநாதபுரம் மாவட்டத்தை உண்டாக்கியபோது ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதியும் அதில் போய்ச் சேர்ந்தது. பெயர்தான் ராமநாதபுரம், அதன் கலெக்டர் அலுவலகம் பல காலம் இயங்கியது மதுரையில். மேற்குத் தொடர்ச்சி மலையடியில் மாந்தோப்பு வைத்திருப்பவரும் கடலோரத்தில் வலை வீசுபவரும் ஒரே மாவட்டத்தார். இருவருக்குமான கலெக்டர் வேறொரு மாவட்டத்தின் தலைநகரில்! 1985 மார்ச்சில் அந்தப் பெரிய மாவட்டத்தை மூன்றாக்கினார்கள். நம் பங்குக்குக் காமராஜர் பெயரும், அவர் பிறந்த விருதுநகரில் தலைநகரும் வந்தன. 1997-இல் தென்மாவட்டச் சாதிக் கலவரங்களையடுத்து மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இருந்த தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டன; விருதுநகர் மாவட்டம் என்பது அப்போது நிலைத்த பெயர்.

தலைநகர் விருதுநகருக்குப் போனதில் ராஜபாளையத்துக்காரர்களுக்கு ஒரு மனக்குறை உண்டு. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண அரசுக்குத் தலைமை வகித்த பி.எஸ். குமாரசுவாமி ராஜா இந்த மண்ணின் பிள்ளை. ஆனால் ஊருக்கு ஒரு கலெக்டர் வாய்க்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அந்தக் குறை பாதிதான். மாவட்ட நீதிமன்றம் அங்கேதான் இருக்கிறது. மாவட்ட நீதிமன்றம் வரை வழக்குப் போய்விட்டால் விருதுநகர்க்காரரும் ஆண்டாள் ஊருக்கு வந்துதான் ஆக வேண்டும்.

மற்றதெல்லாம் சிதறல். கோட்டாட்சியரைப் பார்க்கச் சிவகாசி. எம்.பி.யோ தென்காசித் தொகுதிக்காரர். 1952-இல் காமராஜரை மக்களவைக்கு அனுப்பியது ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதி. இன்று அந்தப் பெயரில் இருப்பது சட்டமன்றத் தனித்தொகுதி மட்டும். அதுவும் ராஜபாளையமும் தென்காசியோடு, மாவட்டத்தின் கிழக்கிலுள்ள திருச்சுழி ராமநாதபுரத்தோடு, எஞ்சியவை விருதுநகரோடு. ஒரு மாவட்டத்தின் ஏழு சட்டமன்றத் தொகுதிகள் மூன்று எம்.பி.க்களுக்குப் பங்காகிவிட்டன.

கிராமத்துக்குள் போனால் சிக்கல் இன்னும் ருசியாக இருக்கும். மாவட்டத்தில் வருவாய்க் கிராமங்கள் 600, ஊராட்சிகள் 450. இரண்டின் எல்லையும் ஒன்றல்ல. பட்டாவுக்கு வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என ஒரு படிக்கட்டு. குடிநீருக்கும் தெருவிளக்குக்கும் நூறு நாள் வேலைக்கும் ஊராட்சிச் செயலர், பி.டி.ஓ. என மற்றொன்று. மலையடியில் நிலம் இருந்தால் மூன்றாவதாக வனத்துறையும் உண்டு. 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயம் வந்தது; 2021-இல் அது மேகமலையோடு இணைந்து புலிகள் காப்பகமானது. யானை தென்னையைச் சாய்த்துவிட்டால் மூன்று துறைக்கும் சேதியைச் சொல்லிவிடுவது நல்லது. வி.ஏ.ஓ.க்களுக்கு முன்பிருந்த பரம்பரைக் கர்ணம், முன்சீப் பதவிகளை 1980-இல் ஒழித்தது பெரிய விடுதலை என்பதில் ஐயமில்லை. ஆனாலும் ஊர் நிலமெல்லாம் விரல்நுனியில் இருந்த அந்த ஆட்களின் இடத்தைக் காகிதம் முழுதாக நிரப்பியதாகச் சொல்ல மாட்டேன்.

இந்த மாவட்டத்தைக் கிராமத்து மாவட்டம் என்பதும் இனி அரைகுறை உண்மைதான். 2011-இல் மொத்த மக்கள் 19,42,288. அவர்களில் பாதிக்குச் சற்று அதிகமானோர் நகரவாசிகள். ஆயிரம் ஆண்களுக்கு 1,007 பெண்கள். சத்திரப்பட்டியில் மருத்துவமனைக் கட்டுத்துணி நெய்கிறார்கள். தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிறார்கள். ராஜபாளையம் மில்களுக்கு வேன்களில் கிராமத்துப் பெண்கள் ஷிப்டுக்குப் போகிறார்கள். இருப்பது ஊராட்சியில், பிழைப்பு பஞ்சிலும் நூலிலும்.

இத்தனைக்கும் நம்மிடம் இருப்பது 2011 கணக்குதான். 2021-இல் எடுக்க வேண்டியது எடுக்கப்படவில்லை. அதற்குள் வெம்பக்கோட்டையும் வத்திராயிருப்பும் தனித் தாலுகாக்களாகி, எட்டு பத்தாகிவிட்டது. வத்திராயிருப்புக்குத் தாசில்தார் இருக்கிறார். ஆனால் கணக்கெடுப்பு அட்டவணையில் தாலுகா என்ற முறையில் அதற்கு இன்னும் ஒரு வரி இல்லை.