டட்சன் 240 இசட்: என்ஜினைப் பார்க்குமுன் அடிப்பாகத்தைப் பாருங்கள்

1970களில் மலேசியாவில் டட்சன் என்றாலே பலருக்கும் நினைவுக்கு வந்தது 120 ஒய்தான். தோட்டத்துச் செம்மண் சாலையிலும் பட்டணத்துக் கடைத்தெருவிலும் ஓடிய எளிய குடும்பக் கார் அது. அதே நிறுவனம் அதே காலத்தில் தயாரித்த இன்னொரு கார்தான் 240 இசட். இரண்டு பேர் மட்டுமே அமரக்கூடிய, நீண்ட மூக்குடைய விளையாட்டுக் கார். இன்று உலகெங்கும் பழைய கார் பிரியர்கள் தேடி அலையும் வண்டிகளில் அதுவும் ஒன்று.

நம்மவர்களில் பழைய கார் ஆர்வம் கொண்டவர்கள் பெருகி வருகிறார்கள். ஓய்வு பெற்றபின் சேமநிதிப் பணத்தின் ஒரு பகுதியை இப்படிப்பட்ட காரில் போட நினைப்பவர்களும் உண்டு. இவ்வளவு பழைய காருக்கு வங்கிகள் வழக்கமாக வாடகைக் கொள்முதல் கடன் தருவதில்லை. ஆகவே போடுவது பெரும்பாலும் கையிருப்புப் பணமாகவே இருக்கும். அந்தப் பணம் எங்கே தொலைகிறது, எப்படிக் காப்பாற்றலாம் என்பதை இந்தக் கட்டுரை விளக்குகிறது.

காரின் வரலாறு

இந்தக் கார் 1969ஆம் ஆண்டு ஜப்பானில் ‘ஃபேர்லேடி இசட்’ என்ற பெயரில் அறிமுகமானது. அதன் வடிவமைப்புக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் யோஷிஹிகோ மட்சுவோ. அமெரிக்காவில் நிசான் விற்பனையை நடத்திய யுடாகா கட்டயாமா, ‘ஃபேர்லேடி’ என்ற பெயர் அங்கே எடுபடாது என்று கருதி ‘240 இசட்’ என்ற பெயரில் விற்றார். 1970இல் அங்கே அதன் விலை 3,526 டாலர். ஐரோப்பிய விளையாட்டுக் கார்களின் ஓட்டத்தை அவற்றைவிட மிகக் குறைந்த விலையில் தந்ததால், வாங்குபவர்கள் காத்திருந்து வாங்கினார்கள்.

கிழக்கு ஆப்பிரிக்காவின் சஃபாரி ராலி அதற்குப் பெயர் வாங்கித் தந்தது. சேறும் பள்ளமும் நிறைந்த அந்தப் போட்டியில் 1971இல் எட்கர் ஹெர்மன் 240 இசட்டில் வென்றார். 1973இல் அதே ரகக் காரில் வென்றவர் உகாண்டாவில் பிறந்த இந்திய வம்சாவளியினரான சேகர் மேத்தா. பின்னர் 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு முறை வென்று, மொத்தம் ஐந்து சஃபாரி வெற்றிகளைப் பெற்றார்.

முக்கிய விவரங்கள்:

- என்ஜின்: எல்24 ரகம், ஒரே வரிசையில் 6 சிலிண்டர், 2,393 சிசி
- திறன்: அன்றைய அமெரிக்கக் கணக்குப்படி 151 குதிரைத் திறன்
- கார்புரேட்டர்: இரண்டு
- பிரேக்: முன்னே டிஸ்க், பின்னே டிரம்
- உச்ச வேகம்: மணிக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர்

இந்த வரிசை 260 இசட், 280 இசட் என்று வளர்ந்து 1978 வரை உற்பத்தியில் இருந்தது. மொத்தம் 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் தயாராயின. அப்படியானால் அரிய கார் என்பது ஏன்? பெரும்பாலானவை அமெரிக்காவுக்குப் போன இடது பக்க ஸ்டீயரிங் கார்கள். நமக்கு ஏற்ற வலது பக்க ஸ்டீயரிங் 240 இசட் அதில் சிறு பங்கே. அந்தச் சிறு பங்கிலும் பெரும்பகுதியைத் துரு தின்றுவிட்டது.

துருதான் உண்மையான விலை

தோட்டத்து லேண்ட் ரோவரை அறிந்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். லேண்ட் ரோவருக்குக் கீழே தனியாக ஒரு கனமான சட்டம் இருக்கும். மேல்கூடு வேறு, சட்டம் வேறு. 240 இசட்டில் அப்படி இல்லை. தகரத்தை மடித்து வெல்டிங் செய்த கூடே அதன் எலும்பு. தகரம் அரித்தால் அழகு மட்டும் போவதில்லை, காரைத் தாங்கும் பலமே போய்விடுகிறது.

அந்தக் காலத்தில் துருத் தடுப்பு வேலை குறைவு. மூடிய பெட்டி போன்ற பகுதிகளுக்குள் புகுந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உள்ளிருந்தே அரிக்கும். வெளியே புதுப் பெயிண்ட் பளபளக்கும்போதே உள்ளே காகிதமாகியிருக்கும்.

பார்க்க வேண்டிய இடங்கள் இவை:

1. பேட்டரி வைக்கும் தட்டின் அடி. ஆசிட் கசிந்து அங்கேதான் முதலில் அரிக்கும்.
2. கால்மிதிக்குக் கீழே உள்ள தரை, அதன் அடியில் நீளமாக ஓடும் சட்டங்கள். கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள்.
3. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதி, பின் சக்கரத்துக்கு முன்னே அது வளையும் மூலை.
4. முன் மட்காட்டின் பின்பக்கக் கீழ் ஓரம்.
5. பின்கதவின் கீழ் விளிம்பு, பின் விளக்குகளுக்குக் கீழே உள்ள தகரம், மாற்று டயர் வைக்கும் குழி.
6. முன் கண்ணாடியின் அடிப்பகுதி.

ஒரு சிறிய காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். தகரம் இருக்கும் இடத்தில் ஒட்டும். பட்டி பூசி மறைத்த இடத்தில் ஒட்டாது. காரைப் பட்டறையில் உயரத் தூக்கி அடிப்பாகத்தைக் காட்டச் சொல்லுங்கள். தூக்கக் கூடாது என்று மறுக்கும் விற்பனையாளரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

என்ஜின் பயப்பட வேண்டியதல்ல

வாங்கப் போகிறவர்கள் பலரும் முதலில் பானெட்டைத் திறந்து என்ஜின் சத்தத்தைக் கேட்பார்கள். இந்தக் காரில் அது இரண்டாவது வேலை. எல் ரக என்ஜின் உறுதியானது. இரும்பு பிளாக், அலுமினியத் தலை, கேம் ஷாஃப்டைச் சுழற்றச் சங்கிலி என்று எளிய அமைப்பு. அதே குடும்பத்து நான்கு சிலிண்டர் என்ஜின்கள் டட்சன் 510 போன்ற கார்களிலும் ஓடின. ஆகவே இதைப் பிரித்துச் சேர்த்த அனுபவமுள்ள மூத்த மெக்கானிக்குகளைப் பழைய பட்டறைகளில் இன்னும் காணலாம்.

ஆறிய என்ஜினையே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீலப் புகை தொடர்ந்து வந்தால் எண்ணெய் எரிகிறது. சிலிண்டர்களின் கம்ப்ரஷனை அளந்து, ஆறும் ஏறக்குறைய சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டும்போது இரண்டாவது கியர் கரகரத்தால் அதன் சிங்க்ரோ தேய்ந்திருக்கலாம். கிளட்சை விடும்போது பின்னால் ‘டொக்’ என்ற சத்தம் வந்தால் டிஃபரன்ஷியலைத் தாங்கும் ரப்பரைப் பாருங்கள். காருக்குள் புகை நாற்றம் அடித்தால் பெரும்பாலும் பின்கதவு ரப்பர் கெட்டிருக்கும். இவை எல்லாம் சரிசெய்யக்கூடிய செலவுகள். தகரத்தை வெட்டிப் புதிதாக வெல்டிங் செய்யும் வேலைதான் எங்கே முடியும் என்று தெரியாத செலவு.

மின்சாரத்தை அலட்சியம் செய்யாதீர்கள். முன்விளக்குக்கான மின்சாரம் முழுவதும் சுவிட்ச் வழியாகவே போவதால் சூடேறும். ஃபியூஸ் பெட்டி உருகிய கார்கள் உண்டு. ரிலே வைத்து மாற்றுவது சிறு செலவில் முடியும் நல்ல பாதுகாப்பு.

எண்களைப் படியுங்கள்

என்ஜினுக்கும் பயணிகள் அறைக்கும் நடுவே உள்ள தகரச் சுவரில் சேசி எண் அடிக்கப்பட்டிருக்கும். அதன் முன்னெழுத்துகள் காரின் பிறப்பைச் சொல்லும்.

- எச்எஸ்30: வலது பக்க ஸ்டீயரிங் 240 இசட்
- எச்எல்எஸ்30: இடது பக்க ஸ்டீயரிங் 240 இசட்
- எஸ்30: ஜப்பானுக்கான 2,000 சிசி ஃபேர்லேடி இசட்
- ஆர்எஸ்30: வலது பக்க ஸ்டீயரிங் 260 இசட்
- பிஎஸ்30: ஃபேர்லேடி இசட்432

கடைசியாகச் சொன்ன இசட்432தான் இவற்றில் மிக அரியது. சிலிண்டருக்கு 4 வால்வு, 3 கார்புரேட்டர், 2 கேம் ஷாஃப்ட் என்பதே அந்தப் பெயரின் பொருள். ஏறக்குறைய 420 கார்களே தயாராயின. சாதாரண காரில் அந்தச் சின்னத்தை ஒட்டி விற்பது கடினமல்ல என்பதால், சின்னத்தை நம்பாமல் எண்ணை நம்புங்கள். எண் அடித்த இடத்தைச் சுற்றி வெல்டிங் தழும்பு இருந்தால், வேறொரு காரின் தகரத்தை வெட்டி ஒட்டியிருக்கலாம்.

மலேசியாவில் உரிமை மாற்றத்துக்கு முன் நடக்கும் பி5 பரிசோதனையில் சேசி எண்ணும் என்ஜின் எண்ணும் கிராண்டில் உள்ளபடி இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். என்ஜினை மாற்றிவிட்டு ஜேபிஜேயில் பதியாத கார் அங்கேயே நின்றுவிடும். ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே மூன்று எண்களையும் கிராண்டோடு ஒப்பிடுங்கள்: சேசி எண், என்ஜின் எண், பதிவு எண். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதானால் ஏபி எனப்படும் இறக்குமதி அனுமதி கையில் வந்தபிறகே பணம் அனுப்புங்கள்.

சிங்கப்பூரில் குறைந்தது 35 ஆண்டு பழமையான காரை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பழைய வாகனத் திட்டத்தில் பதியலாம். ஆனால் ஆண்டில் குறிப்பிட்ட சில நாள்களே ஓட்ட முடியும். தினமும் வேலைக்குப் போக வாங்கும் காராக அதை எண்ணக்கூடாது.

வாங்கியபின் வரும் பொறுப்பு

நம் நாட்டு ஈரக்காற்று இந்தக் காருக்குப் பகை. காற்றோட்டமுள்ள கூரையின் கீழ் நிறுத்துங்கள். மழையில் நனைந்த காரைத் தார்ப்பாயால் மூடினால் துருவுக்கு நீங்களே வீடு கட்டிக் கொடுக்கிறீர்கள். வெயிலும் ஆகாது. டேஷ்போர்டு வெடித்துப் பிளப்பது இந்தக் காரின் பழைய நோய். வெள்ளம் ஏறும் தாழ்வான இடம் என்றால் வேறிடம் ஏற்பாடு செய்த பிறகே கார் வாங்குங்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது என்ஜின் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டுங்கள். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். பெட்ரோல் ரப்பர் குழாய்கள் வெடித்திருந்தால் அன்றே மாற்றுங்கள், ஏனெனில் பழைய கார்கள் தீப்பற்றுவதற்கு அது ஒரு காரணம். டயரில் பூ இருக்கிறது என்று ஏமாற வேண்டாம். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் காட்டும்.

காப்புறுதி எடுக்கும்போது ‘சந்தை மதிப்பு’, ‘ஒப்புக்கொண்ட மதிப்பு’ இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கேளுங்கள். சந்தை மதிப்பு என்றால் விபத்துக்குப்பின் வெறும் பழைய டட்சனாகக் கணக்கிட்டு விடலாம். ஒப்புக்கொண்ட மதிப்பு என்றால் தொகை முன்கூட்டியே எழுத்தில் இருக்கும். அதற்கு மதிப்பீட்டு அறிக்கையும் புகைப்படங்களும் தேவைப்படும்.

கழற்றிய அசல் பாகம் எதையும் பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். செலவு ரசீதுகளை ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். நாளை விற்கும்போது காரோடு சேர்ந்து அந்தக் கோப்பும் விலை பேசும்.

விலை எவ்வளவு கொடுக்கலாம்?

2020இல் அமெரிக்க இணைய ஏலத்தில் ஒரு 240 இசட் 310,000 டாலருக்குப் போனது. அந்தச் செய்தியைக் காட்டி விலை சொல்பவர்கள் உண்டு. அது கைபடாத, அசல் நிலை மாறாத கார். அதன் விலை மற்ற கார்களுக்கு அளவுகோல் ஆகாது. 1990களின் பிற்பகுதியில் நிசான் நிறுவனமே அமெரிக்காவில் பழைய 240 இசட்களைப் புதுப்பித்து விற்றது. ஒன்றின் விலை ஏறக்குறைய 25,000 டாலர். தயாரித்த நிறுவனமே ஈடுபட்டும் நூற்றுக்கணக்கில் திட்டமிட்ட அந்த வேலை சில பத்துக் கார்களோடு நின்றுபோனது. பழைய காரைப் புதிதாக்குவது எவ்வளவு வேலை தின்னும் என்பதற்கு அதுவே சாட்சி.

ஆகவே கையில் உள்ள தொகை முழுவதையும் கார் விலையாகக் கொடுக்க வேண்டாம். நல்ல பகுதியைப் பழுதுபார்க்க ஒதுக்குங்கள். மலிவான துருக்காரைவிட விலை கூடிய துருவற்ற கார் கடைசிக் கணக்கில் மலிவு. கட்டாயம் ஒரு தகர வேலைக்காரரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவருக்குக் கொடுக்கும் ஒருநாள் கூலி, பல ஆண்டு சேமிப்பைக் காப்பாற்றும்.