பல்தேயஸ் பாதிரியாரும் யாழ்ப்பாணத் தீவகமும்

பிலிப்பஸ் பல்தேயஸ் 1632இல் ஒல்லாந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் பிறந்தார். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து உறவினரிடம் வளர்ந்த அவர், குரோனிங்கனிலும் லெய்டனிலும் பயின்று குருவானவர் ஆனார். அவர் சார்ந்தது கல்வினிய மரபிலான சீர்திருத்த சபை. லுத்தரன் பாதிரியார் சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் கால் வைப்பதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்பே, தமிழரிடம் தமிழிலேயே பேச வேண்டும் என்று வாதாடிய புரட்டஸ்தாந்தர் இவர்.

1658இல் ஒல்லாந்தத் தளபதி ரைக்லொஃப் வான் கூன்ஸின் படையோடு தூத்துக்குடி, மன்னார் வழியாக யாழ்ப்பாணம் வந்தார். ஊர்காவற்றுறைக்கும் காரைதீவுக்கும் நடுவே, கடலுக்குள் நிற்கும் கடற்கோட்டை அப்போது போர்த்துக்கேயர் வசம் இருந்தது. சுற்றிலும் உப்புநீர், உள்ளே நல்ல தண்ணீர் இல்லை. அந்தத் தட்டுப்பாடே காவற்படையைப் பணிய வைத்தது. அதே ஆண்டு ஜூன் மாதம், மூன்று மாதத்துக்கும் மேல் நீண்ட முற்றுகைக்குப் பின் யாழ்ப்பாணக் கோட்டையும் விழுந்தது.

வென்றவர்கள் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டினர். வேலணையும் ஊர்காவற்றுறையும் அடங்கிய தீவு லெய்டன் ஆயிற்று. காரைதீவு ஆம்ஸ்டர்டாம், புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம் என்றாயின. நெடுந்தீவுக்குக் கிடைத்தது பல்தேயஸ் பிறந்த ஊரின் பெயர். மற்றவை வழக்கொழிய, டெல்ஃப்ட் மட்டும் இன்றும் ஆங்கில வரைபடங்களில் நிற்கிறது. தீவார் வாயில் அது என்றும் நெடுந்தீவுதான்.

போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற கோயில்பற்றுகளைப் பல்தேயஸ் அப்படியே கைக்கொண்டார். குடாநாட்டில் தெல்லிப்பழை முதலியவற்றோடு, தீவகத்தில் அல்லைப்பிட்டி, வேலணை, காரைதீவு, புங்குடுதீவு, நெடுந்தீவு ஆகிய இடங்களிலும் தேவாலயமும் பள்ளிக்கூடமும் இருந்தன. பாதிரிமார் மிகச் சிலரே என்பதால், ஞாயிறு வாசிப்பும் வினாவிடைப் பாடமும் தோம்பு எனும் பதிவேடு எழுதுவதும் உள்ளூர்ப் பள்ளி ஆசிரியரான சட்டம்பியார் தலையில் விழுந்தன. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாத வீட்டார் தண்டம் கட்டினர். திருமணமும் சொத்துரிமையும் தோம்பைச் சார்ந்திருந்ததால் சனங்கள் திருமுழுக்குப் பெற்றனர். 1663இல் யாழ்ப்பாணப் பகுதியில் 62,558 கிறிஸ்தவர் இருந்ததாக அவர் நூல் சொல்கிறது. அவர்களுள் பலர் பெயரளவில்தான் கிறிஸ்தவர் என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார். கட்டாயத்தின் மேல் கட்டிய சபை ஊன்றவில்லை. ஒல்லாந்தர் காலத்தின் பிற்பகுதியிலேயே நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில் மீண்டும் எழுந்தது.

அவருடைய நிலையான பணி மொழியில்தான் இருக்கிறது. சனங்களுக்கு ஒல்லாந்த மொழியைக் கற்பிக்க ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனியின் அதிகாரிகள் விரும்பினர். ஊர் முழுவதும் ஒருவரின் மொழியைக் கற்பதைவிட அந்த ஒருவர் ஊரின் மொழியைக் கற்பது எளிது என்பது பல்தேயஸின் கட்சி. அதில் நியாயம் அவர் பக்கமே. முதலில் போர்த்துக்கேய மொழியைப் பிடித்துக்கொண்டு, அதன் வழியாகத் தமிழுக்கு வந்தார். கஸ்பார் டி அகிலார் என்ற கத்தோலிக்கக் குரு எழுதிய தமிழ் இலக்கணம் அவருக்குத் துணை நின்றது. அவர் வைத்திருந்த அதன் கையெழுத்துப் பிரதி ஹாம்பர்க் நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது. தமிழும் லத்தீனும் அறிந்த பிரான்சிஸ்கோ டி பொன்சேகாவின் உதவியோடு மத்தேயு சுவிசேஷத்தை மொழிபெயர்த்தார்.

1660களின் நடுவில் தாயகம் திரும்பிய அவர், ஹேர்ஃப்லீட் என்ற சிற்றூரில் குருவாக இருந்து, நாற்பது வயதை ஒட்டி மறைந்தார். மலபார், சோழமண்டலக் கரை, இலங்கை பற்றிய அவரது பெருநூல் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. தமிழ் நெடுங்கணக்கையும் கர்த்தர் கற்பித்த செபத்தையும் செப்புத்தகட்டில் செதுக்கிப் பதித்திருந்தார்கள். சுருக்கமான தமிழ் இலக்கணமும் உண்டு. பிழைகள் இருந்தாலும், ஐரோப்பிய வாசகர் பலருக்குத் தமிழின் வரிவடிவம் எட்டியது அந்தப் பக்கங்களால்தான். நூலில் இந்துத் தெய்வங்களைப் பற்றிய பகுதியின் பெரும்பங்கு யேசுசபைக் குரு பெனிசியோவின் கைப்பிரதியிலிருந்து எடுத்தது என்று 1933இல் ஆய்வாளர் ஜார்ல் சார்பென்டியர் நிறுவினார். பெனிசியோவின் பெயரைச் சொல்லாமல் விட்டது பெருங்குறையே. தேவாலயங்களும் பள்ளிகளும் தீவுகளும் பற்றிய பகுதிகள் வேறு. அவற்றில் பேசுவது யாழ்ப்பாணத்தில் ஏழாண்டு வாழ்ந்தவரின் நேரறிவு.