தமிழ்ப்பள்ளிகளில் வாதக் கட்டுரை கற்பித்தல்: லூமுட் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மலேசியத் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் தொடக்கக் கல்வியை முடிப்பதற்குள் பல வகைக் கட்டுரைகளை எழுதிப் பழகுகின்றனர். தன்கதை, வருணனை, கற்பனை, கருத்து விளக்கம் என நீளும் அந்த வரிசையில் வாதக் கட்டுரைக்கும் விவாதக் கட்டுரைக்கும் இடமுண்டு. ஒரு தலைப்பில் ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு அதை நிறுவுவது வாதக் கட்டுரை. இரு பக்கத்தையும் எடுத்துவைத்து, சீர்தூக்கி, முடிவு சொல்வது விவாதக் கட்டுரை. மற்ற வகைகளில் நல்ல சொல்வளம் இருந்தாலே ஓரளவு கரையேறிவிடலாம். இவ்விரண்டிலும் அது போதாது. எழுதியதைப் படிப்பவர் 'ஏன் அப்படி?' என்று கேட்பார். அதற்குக் கட்டுரைக்குள்ளேயே விடை இருக்க வேண்டும்.

இத்திறன் நம் பள்ளிகளில் எவ்வாறு கற்பிக்கப்பட்டு வந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. கருத்துகளைத் திட்டமிட்டு வரிசைப்படுத்தக் கற்பிப்பதில் நாம் நன்றாகவே முன்னேறியிருக்கிறோம். கருத்துக்குக் காரணம் காட்டவும் மாற்றுக் கருத்துக்கு மறுமொழி சொல்லவும் கற்பிப்பதில் பின்தங்கியிருக்கிறோம் என்பது இதன் துணிபு. பேராக் மாநிலத்தின் லூமுட் வட்டாரம் இங்கே களமாகக் கொள்ளப்படுகிறது.

களம்

லூமுட் இன்று மஞ்சோங் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1874-ஆம் ஆண்டின் பங்கோர் உடன்படிக்கைக்குப் பின் இப்பகுதி 'டிண்டிங்ஸ்' என்ற பெயரில் நீரிணைக் குடியேற்றங்களோடு சேர்க்கப்பட்டு, 1935-இல் மீண்டும் பேராக்கிடம் ஒப்படைக்கப்பட்டது. கடற்கரையில் துறைமுகம், உள்நிலத்தில் ரப்பர்த் தோட்டங்கள், எதிரே பங்கோர் தீவின் மீன்பிடித் தொழில் என மூன்று வகை வாழ்க்கை இங்கே அருகருகே இருந்தன. பின்னர் அரச மலேசியக் கடற்படையின் தளமும், ஜானாமஞ்சோங் அனல்மின் நிலையமும், 2014-இல் தெலுக் ரூபியாவில் இரும்புத்தாதுத் துறைமுகமும் வந்தன. ரப்பர் மரங்கள் இருந்த இடங்களில் செம்பனை வந்தது. தோட்ட மக்கள் பலர் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். நாடு விடுதலை பெற்ற 1957-இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று சுமார் 530. மஞ்சோங்கில் முக்கிம் புண்டுட், பங்கோர், ஆயர் தாவார், வால்புரூக் தோட்டம் முதலிய தமிழ்ப்பள்ளிகள் இந்த மாற்றங்களையெல்லாம் தாண்டி நிற்கின்றன.

மரபில் வாதம்

வாதக் கட்டுரை என்பது ஆங்கிலப் பள்ளிகளின் வழி வந்த வடிவம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. பள்ளிப் பயிற்சி என்ற அளவில் அது சரியே. ஆனால் ஒரு கருத்தை நிறுவும் முறையைத் தமிழ் நூல்கள் மிக முன்பே வகுத்துவிட்டன.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், நூலாசிரியர் மேற்கொள்ளக்கூடிய எழுவகை மதங்களைக் கூறுகிறது. பிறர் கருத்துக்கு உடன்படுவது, மறுப்பது, முதலில் ஏற்றுக்கொண்டு பின் களைவது, தானே ஒன்றை நாட்டி அதை இறுதிவரை நிலைநிறுத்துவது, இருவர் மாறுபட்டுச் சொன்னதில் ஒன்றைத் துணிவது, பிறர் நூலிலுள்ள குற்றம் காட்டுவது, பிறர் கொள்கையோடு சேராமல் தனக்கென ஒரு கருத்தைக் கொள்வது ஆகியவை அவை. இவற்றில் நான்காவதுதான் இன்றைய வாதக் கட்டுரை. ஐந்தாவதுதான் விவாதக் கட்டுரை. மூன்றாவது, மறுப்பை எதிர்கொள்ளும் கலை.

மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நெறியைக் கற்பிக்கிறார். நிறுவ வேண்டிய கூற்று, அதற்கான ஏது, அதை விளக்கும் எடுத்துக்காட்டு என்ற வரிசையும், பொய்யான ஏதுக்களை இனங்காணும் வழியும் அங்கே பாடமாகவே அமைந்துள்ளன. அருணந்தி சிவாச்சாரியாரின் சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் என இரு பிரிவாக அமைந்தது. முதலில் பிறர் கொள்கைகளை எடுத்துரைத்து மறுத்து, அதன் பிறகே தன் கொள்கையை நிறுவுகிறது. எதிர்த்தரப்பை அறியாதவன் தன் தரப்பை நிறுவ முடியாது என்பது இந்த அமைப்பிலேயே அடங்கியிருக்கிறது.

தோட்டப் பள்ளிக் காலம்

இந்த மரபு தோட்டப் பள்ளியின் வாசலுக்கு வந்து சேரவில்லை. கூட்டு மலாய் மாநிலங்களின் 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. பேராக்கின் பல தோட்டங்களில் பள்ளி எழுந்தது அதன் பிறகே. ஒரே கொட்டகை, பல வகுப்புகளுக்கு ஓர் ஆசிரியர், தமிழகத்திலிருந்து வந்த பாடநூல்கள் என்பதே பெரும்பாலும் நிலைமை. பால்மரம் வெட்டும் பெற்றோருக்கு உதவப் பிள்ளைகள் இடையிலேயே நின்றுவிடுவதும் வழக்கமாயிருந்தது.

இத்தகைய சூழலில் எழுத்துப் பயிற்சி என்பது பார்த்தெழுதுதல், சொல்வதெழுதுதல், நீதிநூல்களை மனனம் செய்தல் ஆகியவற்றோடு நின்றது. எழுத்தறிவு வாய்த்ததே அன்று பெரும்பேறு. 'உன் கருத்து என்ன?' என்று தொழிலாளியின் பிள்ளையிடம் கேட்கும் தேவையைத் தோட்ட நிர்வாகம் உணரவில்லை. வாதிடக் கற்றவன் கூலியையும் பற்றி வாதிடுவான் என்பதை நிர்வாகம் அறிந்தே இருந்திருக்கும்.

பள்ளிக்கு வெளியே பயின்ற வாதம்

வாதம் வளர்ந்தது மேடையிலும் இதழிலும்தான். 1929 டிசம்பரில் பெரியார் மலாயா வந்தபோது ஈப்போவில் தமிழர் மாநாடு கூடியது. சாதி, மதம், பெண்ணுரிமை ஆகியவை பற்றி ஊர் இரண்டுபட்டுப் பேசியது. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசனும், 1935-இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசும் அந்தப் பேச்சை எழுத்துக்குக் கொண்டுவந்தன. படித்தவர் கடிதம் எழுதினார். படிக்காதவர் பிறர் வாசிக்கக் கேட்டு மறுப்புச் சொன்னார்.

எழுதக் கற்பிக்கும் முறை என்ற வகையில் இரண்டு முயற்சிகள் குறிப்பிடத்தக்கவை. 1950-இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் தமிழ் நேசனில் 'கதை வகுப்பு' நடத்தினர். பாடம் சொல்லி, எழுதச் செய்து, வந்த படைப்புகளை மதிப்பிட்டுத் தரம்பிரித்தனர். அது கதைக்கான வகுப்பு என்றாலும், எழுதியதைப் பிறர் மதிப்பிட, அதைக்கொண்டு மேலும் எழுதிப் பழகலாம் என்ற வழியைக் காட்டியது. தமிழ் முரசின் மாணவர் மணிமன்றம் ஐம்பதுகளில் ஊர்தோறும் பரவி, பிள்ளைகளுக்குப் பேச்சுப்போட்டியையும் கட்டுரைப் போட்டியையும் சொற்போரையும் பழக்கியது. பின்னாளில் ஆசிரியர்களாகவும் எழுத்தாளர்களாகவும் வந்த பலர் இந்த மன்றங்களில் உருவானவர்கள்.

தேர்வும் சட்டகமும்

1956-ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கை தமிழ்ப்பள்ளிகளைத் தேசியக் கல்வி அமைப்புக்குள் கொண்டுவந்தது. 1983-இல் நடைமுறைக்கு வந்த தொடக்கப்பள்ளிப் புதிய கலைத்திட்டம் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றையும் அடித்தளமாக்கியது. 1988-இல் தொடக்கப்பள்ளி இறுதியாண்டு மாணவர்களுக்கான யு.பி.எஸ்.ஆர். தேர்வு தொடங்கியது. தமிழ்மொழிக்குக் கருத்துணர்தல் ஒரு தாள், எழுத்து ஒரு தாள் என்று அமைந்ததால் கட்டுரைக்கு முன்னெப்போதும் இல்லாத முக்கியத்துவம் கிடைத்தது.

இதன் பயனாகப் பிறந்ததுதான் 'கட்டுரைச் சட்டகம்'. முன்னுரை, கருத்து ஒன்று, இரண்டு, மூன்று, முடிவுரை என்ற அந்த அமைப்பு தடுமாறும் மாணவர்க்குப் பிடிமானம் தந்தது. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வெற்றுத்தாளைக் கண்டு அஞ்சாமல் எழுதத் தொடங்கியதற்கு அதுவே காரணம். ஆசிரியர்களின் இந்த உழைப்பைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

ஆனால் சட்டகத்தோடு மாதிரிக் கட்டுரையும் வந்தது. பயிற்சிநூல்களில் வந்த முன்னுரையும் பழமொழியும் முடிவுரையும் அப்படியே மனப்பாடமாயின. தலைப்பு எதுவானாலும் 'நாட்டின் வருமானம் உயரும்' என்ற கருத்து மூன்றாம் பத்தியில் வந்து உட்கார்ந்துகொண்டது.

2012 முதல் பள்ளிகளில் அறிமுகமான ஐ-திங்க் சிந்தனை வரைபடங்களும், 2013-இன் மலேசியக் கல்வி மேம்பாட்டுத் திட்டம் வலியுறுத்திய உயர்நிலைச் சிந்தனையும் இந்த நிலையை மாற்ற முனைந்தன. வட்டம், குமிழி, இரட்டிப்புக் குமிழி, மரம், இணைப்பு, நிரலொழுங்கு, பல்நிலை நிரலொழுங்கு, பாலம் என எட்டு வரைபடங்கள் உள்ளன. ஒப்பிடவும் வகைப்படுத்தவும் காரணகாரியம் காணவும் இவை பெரிதும் உதவுகின்றன. எனினும், எதிர்த்தரப்பார் சொல்வதற்கும் அதற்கு நாம் தரும் மறுமொழிக்கும் இந்த எட்டில் எதிலும் தனியிடம் இல்லை. நன்னூலார் மூன்றாவதாகச் சொன்ன மதம் இங்கே விடுபட்டுப்போகிறது.

வெளியுலகில் இதற்கு முன்பே நடந்த ஆய்வுகள் இங்கே பொருந்தும். ஸ்டீபன் டூல்மின் 1958-இல் வாதத்தின் உறுப்புகளைப் பகுத்தபோது, கூற்றையும் சான்றையும் இணைக்கும் காரணத்தையும், மறுப்புக்கு இடமான சூழலையும் தனித்தனி உறுப்புகளாகக் காட்டினார். ஜேனட் எமிக் 1971-இல் மாணவர் எழுதும்போதே அவர்களைக் கவனித்து ஆராய்ந்தார். லிண்டா ஃபிளவரும் ஜான் ஹேய்ஸும் 1981-இல், திட்டமிடுதலும் எழுதுதலும் திருத்துதலும் மாறிமாறி நிகழ்பவை என்று நிறுவினர். ஒருமுறை திட்டமிட்டு ஒரே மூச்சில் எழுதி முடிக்கும் தேர்வறைப் பழக்கம் இதற்கு நேர்மாறானது.

வகுப்பறையில் ஒரு வாதம்

2020 ஜனவரி முதல் பங்கோர் வரி விலக்குத் தீவானது. லூமுட் படகுத்துறையைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல தலைப்பு வாய்ப்பது அரிது. 'வரி விலக்கு பங்கோர் மக்களுக்கு நன்மையே' என்ற தலைப்பைக் கொடுத்தால், பழகிய சட்டகத்தில் மூன்று கருத்துகள் உடனே விழும்: சுற்றுப்பயணிகள் வருவர், வேலை வாய்ப்பு பெருகும், நாட்டின் வருமானம் உயரும்.

இங்கேதான் ஆசிரியரின் வேலை தொடங்குகிறது. மூன்றாவது கருத்தை எடுத்து, 'வரியை விட்டுக்கொடுத்த அரசுக்கு வருமானம் எப்படி உயரும்?' என்று கேட்க வேண்டும். பிள்ளை விழிப்பான், பிறகு அந்தக் கருத்தை நீக்குவான், அல்லது விடுதியும் கடையும் பெருகுவதால் வேறு வழியில் வருமானம் வரலாம் என்று காரணம் தேடுவான். இரண்டும் முன்னேற்றமே. அடுத்து, தீவில் நெத்திலி காயவைக்கும் குடும்பம் இதைப் பற்றி என்ன சொல்லும் என்று கேட்க வேண்டும். கடை வாடகை ஏறும், குப்பை சேரும் என்ற மறுப்புகள் வகுப்பிலிருந்தே வரும்.

முதல் வரைவில் ஒரு மாணவர் இப்படி எழுதக்கூடும்: 'வரி விலக்கால் பங்கோருக்கு நிறையச் சுற்றுப்பயணிகள் வருவார்கள். இதனால் மக்களுக்கு வேலை கிடைக்கும். எனவே, இது நன்மையே ஆகும்.' பிழை ஒன்றும் இல்லை, வாதமும் இல்லை. கேள்விகளுக்குப் பின் இரண்டாம் வரைவு இப்படி அமையலாம்: 'லூமுட்டில் படகேறி வந்தவர் மாலையே திரும்பிவிட்டால் கடைக்காரருக்கு மட்டுமே வரவு. அவர் ஓரிரவு தங்கினால்தான் விடுதியிலும் உணவகத்திலும் வேலை உண்டு. வாடகை ஏறிவிடும் என்று தீவு மக்கள் அஞ்சுவது நியாயமே. அந்த வேலைகள் தீவுப் பிள்ளைகளுக்கே முதலில் கிடைத்தால் அந்த அச்சம் குறையும்.' இரண்டாவதில் அணியோ பழமொழியோ இல்லை. ஆனால் காரணம் இருக்கிறது, நிபந்தனை இருக்கிறது, மாற்றுக் கருத்தை ஏற்றுக் களைவதும் இருக்கிறது.

முடிவுரை

2021-இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு அகற்றப்பட்டது, மறு ஆண்டு இடைநிலைப்பள்ளியின் மூன்றாம் படிவ மாணவர்களுக்கான பி.டி.3 தேர்வும் நின்றது. வகுப்பறை மதிப்பீடு முன்னுக்கு வந்துள்ள இக்காலத்தில், ஒரே அமர்வில் எழுதி முடிக்கும் கட்டாயம் முன்புபோல் இல்லை. எழுபதாண்டுகளுக்கு முன் இதழ்களும் மணிமன்றங்களும் பள்ளிக்கு வெளியே செய்ததை இப்போது பள்ளிக்குள்ளேயே செய்யலாம்.

அதற்கு மூன்று செயல்கள் வேண்டும். முதலாவது, வாதக் கட்டுரைக்கு இரண்டு வரைவுகள் கேட்டு, முதல் வரைவுக்குப் புள்ளி இடாமல் கேள்விகள் மட்டும் எழுதித் தர வேண்டும். இரண்டாவது, சட்டகத்தில் மறுப்புக்கும் மறுமொழிக்கும் ஒரு பத்தி நிலையாக ஒதுக்கப்பட வேண்டும். மூன்றாவது, ஈப்போ ஆசிரியர் கல்விக் கழகத்திலும் தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்திலும் பயிலும் வருங்காலத் தமிழாசிரியர்கள் எழுவகை மதத்தை இலக்கண வினாவுக்கான விடையாக மட்டும் படிக்காமல், கட்டுரை கற்பிக்கும் கருவியாகவும் பயில வேண்டும். நம் பிள்ளைகளுக்கு அழகாக எழுதக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். காரணம் காட்டி எழுதவும் கற்றுக்கொடுப்பது இத்தலைமுறை ஆசிரியர்களின் பொறுப்பு.