எல்லையோரத் தோட்டம், ஆலைப் பெண்களுக்கு மகப்பேறு பலன்: யாரிடம் கோருவது? எத்தனை நாள் வேலை செய்திருக்க வேண்டும்?

கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழக எல்லையை ஒட்டிய தோட்டங்களிலும் தொழிற்சாலைகளிலும் பணிபுரியும் பெண்களுக்கு, குழந்தைப்பேற்றின்போது 26 வாரங்கள் வரை ஊதியத்துடன் கூடிய விடுப்பு பெறச் சட்டப்படி உரிமை உண்டு. எனினும், அத்தொகையை வழங்கும் பொறுப்பு எல்லோருக்கும் ஒரே இடத்தில் இல்லை. கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் ஆலைப் பணியில் இருப்பவர் பெரும்பாலும் தொழிலாளர் அரசு காப்பீட்டுக் கழகத்திடமும் (இ.எஸ்.ஐ.), மூணாறில் தேயிலை பறிப்பவர் தோட்ட நிர்வாகத்திடமும் கோர வேண்டும். தேனி மாவட்டத்திலிருந்து நாள்தோறும் ஜீப்பில் மலையேறி ஏலக்காய்த் தோட்ட வேலைக்குச் சென்று திரும்பும் பெண்கள், முதலில் தாங்கள் வேலை செய்த நாள்களுக்குச் சான்று காட்ட வேண்டியுள்ளது.

எந்தச் சட்டம் பொருந்தும்?

தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றில் பணிபுரியும் பெண்களுக்காக 1961ஆம் ஆண்டு மகப்பேறு பலன் சட்டம் இயற்றப்பட்டது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் விடுப்பை 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்த்தியது. இச்சட்டத்தின் விதிகள் பெருமளவு மாற்றமின்றி, 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இடம்பெற்றுள்ளன. அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது.

இ.எஸ்.ஐ. காப்பீடு பெற்றவருக்கு மகப்பேறு கால ஊதியத்தைக் கழகமே வழங்கும். ஏனையோருக்கு அது முதலாளியின் பொறுப்பு. தோட்டங்கள் வழக்கமாக இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருவதில்லை. தோட்ட உரிமையாளர் விரும்பினால் அதில் சேரலாம் என்று புதிய தொகுப்பு வாய்ப்பளித்துள்ளது. ஆகவே, ஊதியச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளதா என்று பார்ப்பதே முதல் படியாகும்.

தோட்டத் தொழிலாளருக்கு 80 நாள்

எதிர்பார்க்கப்படும் பேறுகால நாளுக்கு முந்தைய 12 மாதங்களில் குறைந்தது 80 நாள்கள் வேலை செய்திருந்தால் போதுமானது. ஊதியத்துடன் கூடிய விடுமுறை நாள்களும், வேலை இல்லாததால் நிர்வாகம் நிறுத்திவைத்த நாள்களும் இக்கணக்கில் சேரும். முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரங்கள் விடுப்பு உண்டு. அதில் பேறுகாலத்துக்கு முன் அதிகபட்சம் 8 வாரங்கள் எடுக்கலாம். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருப்பின் விடுப்பு 12 வாரங்கள் ஆகும். அதில் முன்கூட்டி எடுக்கக்கூடியது 6 வாரங்கள்.

விடுப்பில் செல்வதற்கு முந்தைய மூன்று மாதங்களில் பெற்ற சராசரி நாள் ஊதியத்தின் அடிப்படையில் தொகை கணக்கிடப்படும். பேறுகாலத்துக்கு முந்தைய பகுதிக்கான தொகையை, கர்ப்பத்துக்கான சான்று அளித்தவுடன் முன்பணமாக வழங்க வேண்டும். மீதித் தொகையை, குழந்தை பிறந்ததற்கான சான்று அளித்த 48 மணி நேரத்துக்குள் வழங்க வேண்டும். பேறுகால மருத்துவ வசதியை நிர்வாகம் இலவசமாக அளிக்காவிடில், மருத்துவ ஊக்கத்தொகையாக 3,500 ரூபாயும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமையும் கணக்கில் சேரும்

வாரத்துக்கு ஆறு நாள் ஊதியமா, ஏழு நாள் ஊதியமா என்ற கேள்விக்கு விடை தந்த வழக்கு இம்மலைத்தொடரிலேயே தோன்றியது. ஆனைமலைப் பகுதியிலுள்ள மவுண்ட் ஸ்டூவர்ட் எஸ்டேட்டில் பணிபுரிந்த பெண் ஒருவருக்கு 1967 டிசம்பரில் குழந்தை பிறந்தது. அப்போது நடைமுறையில் இருந்த 12 வார விடுப்புக்கு, ஞாயிற்றுக்கிழமைகளை நீக்கி 72 நாள்களுக்கு மட்டும் நிர்வாகம் தொகை வழங்கியது. 84 நாள்களுக்கும் தொகை வேண்டும் என்று அவர் கோவை தொழிலாளர் நீதிமன்றத்தை அணுகினார். அவ்வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. வாரம் என்பது ஏழு நாள்களைக் குறிக்கும் என்றும், ஊதியமில்லாத ஞாயிற்றுக்கிழமைகளையும் சேர்த்தே பலனைக் கணக்கிட வேண்டும் என்றும் 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இன்றைய 26 வாரங்களுக்கு இக்கணக்கைப் பொருத்தினால் 182 நாள்கள் வரும். ஞாயிற்றுக்கிழமைகளை நீக்கினால் 156 நாள்களே. எடுத்துக்காட்டாக, நாள் ஊதியம் 450 ரூபாய் எனக் கொண்டால், இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு 11,700 ரூபாய். தொகையைப் பெறுபவர் நாள்களின் எண்ணிக்கையைச் சரிபார்த்துக் கையொப்பமிடுவது நலம்.

தினக்கூலிப் பெண்களுக்கும் உண்டு

போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக ஏலக்காய்த் தோட்டங்களுக்குச் செல்லும் பெண்களில் பலர் நிரந்தரத் தொழிலாளர் அல்லர். எனினும், தினக்கூலி என்ற காரணத்தை மட்டும் காட்டி மகப்பேறு பலனை மறுக்க இயலாது. டெல்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண் தொழிலாளர் தொடர்பான வழக்கில், 2000 மார்ச் 8 அன்று உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது.

இவர்களுக்கு உண்மையான தடை சான்று இல்லாமையே. ஒரே ஆண்டில் பல தோட்டங்களில் மாறி மாறி வேலை செய்தால், ஒரு முதலாளியிடம் 80 நாள் நிறைவு பெற்றதைக் காட்டுவது கடினமாகிறது. கூலிச் சீட்டு, வங்கிக் கணக்கில் கூலி வரவான பதிவு, வருகைப் பதிவேட்டின் நகல் ஆகியவற்றைக் கர்ப்பம் உறுதியான நாளிலிருந்தே சேர்த்து வைத்தல் அவசியம்.

இ.எஸ்.ஐ.: 70 நாளும் 78 நாளும்

மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு மிகாத தொழிலாளர் இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருவர். ஊதியத்தில் தொழிலாளர் 0.75 விழுக்காடும், முதலாளி 3.25 விழுக்காடும் சந்தா செலுத்துகின்றனர். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையும், அக்டோபர் முதல் மார்ச் வரையும் இரு சந்தாக் காலங்கள் ஆகும்.

மகப்பேறு பலனுக்கு, உரிய முந்தைய இரு சந்தாக் காலங்களில் மொத்தம் 70 நாள்களுக்குச் சந்தா செலுத்தப்பட்டிருக்க வேண்டும். 26 வாரங்களுக்கும் முழு ஊதிய விகிதத்தில் தொகை கிடைக்கும். நோய்க்காலப் பலனுக்கு, உரிய ஒரு சந்தாக் காலத்தில் 78 நாள்கள் தேவை. ஊதியத்தில் 70 விழுக்காடு வீதம், ஆண்டுக்கு 91 நாள்கள் வரை இப்பலன் வழங்கப்படும். இ.எஸ்.ஐ. மருத்துவர் அளிக்கும் சான்றுடன் கிளை அலுவலகத்தில் கோரிக்கையைப் பதிவு செய்ய வேண்டும். கணவர் மட்டும் காப்பீடு பெற்றிருந்தால் மனைவிக்கு மருத்துவ வசதி உண்டு. ஊதிய ஈடு கிடையாது.

கருச்சிதைவு, நோய், தத்தெடுப்பு

கருச்சிதைவு ஏற்பட்டால் 6 வாரங்கள் விடுப்பு உண்டு. கர்ப்பம், பேறுகாலம் ஆகியவற்றால் நோயுற்றால் கூடுதலாக ஒரு மாதம் வரை பெறலாம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தையைத் தத்தெடுக்கும் தாய்க்கும், வாடகைத்தாய் வழியாகக் குழந்தை பெறும் தாய்க்கும், குழந்தை ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து 12 வார விடுப்பை 2017ஆம் ஆண்டுத் திருத்தம் வழங்கியது. தத்தெடுப்புக்கான இவ்வயது வரம்பை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு தொடரப்பட்டது. ஆதலால், மூன்று மாதத்துக்கு மேற்பட்ட குழந்தையைத் தத்தெடுப்போர் நடைமுறையில் உள்ள விதியைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டறிந்து விண்ணப்பிக்க வேண்டும்.

தமிழிலேயே மனு அளிக்கலாம்

தோட்டப் பெண்கள் விடுப்பு தொடங்கும் நாள், தொகையைப் பெற வேண்டிய நியமனதாரர் ஆகிய விவரங்களுடன் நிர்வாகத்துக்கு எழுத்து வழி அறிவிப்பு அளிக்க வேண்டும். முன்னரே அளிக்க இயலாதவர் குழந்தை பிறந்த பின் விரைவில் அளிக்கலாம். அறிவிப்பு அளிக்கவில்லை என்பதால் மட்டும் உரிமை பறிபோகாது. நகலில் பெற்றதற்கான கையொப்பம் வாங்கிக்கொள்வது நல்லது.

தொகை மறுக்கப்பட்டால் ஆய்வாளரிடம் புகார் அளிக்கலாம். மகப்பேறு விடுப்பில் இருப்பவரைப் பணிநீக்கம் செய்வது சட்டவிரோதம். பணிநீக்கம் செய்து பலனை மறுத்தால், 60 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும்.

குறைதீர் மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் அளிக்க அரசமைப்புச் சட்டத்தின் 350ஆவது பிரிவு உரிமை தருகிறது. மொழிச் சிறுபான்மைப் பகுதிகளின் அரசு அலுவலகங்களில் தமிழில் கடிதப் போக்குவரத்து நடத்த 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டமும் இடமளிக்கிறது. மலையாளம் எழுதத் தெரியாமை புகாரைக் கைவிடக் காரணம் ஆகாது.

இரண்டிலும் சேராதவர்கள்

முதலாளி வழியாகவோ இ.எஸ்.ஐ. வழியாகவோ பலன் பெறாத பெண்கள், பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டத்தில் முதல் குழந்தைக்கு 5,000 ரூபாயும், இரண்டாவது குழந்தை பெண்ணாக இருப்பின் 6,000 ரூபாயும் பெறலாம். கேரளத்தில் வசிப்போர் இதற்கு அங்கன்வாடி மையத்தை அணுக வேண்டும். தமிழகத்தில் வசித்து எல்லை கடந்து வேலைக்குச் செல்வோர், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்காகத் தங்கள் ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கர்ப்பத்தைப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.