நெய்யாறு: மலையில் பிறந்து 56 கி.மீ.யில் கடல் சேரும் ஆறு. இரு மாநில விவசாயிகளின் எதிர்பார்ப்பு

திருவனந்தபுரம்: கேரளத்தின் தென்கோடி ஆறான நெய்யாறு, மேற்குத் தொடர்ச்சி மலையில் 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் மலைப் பகுதியில் உற்பத்தியாகிறது. 56 கிலோமீட்டர் மட்டுமே பாய்ந்து, பூவாறு அருகே அரபிக்கடலில் கலக்கிறது. இதன் வடிநிலப் பரப்பு 497 சதுர கிலோமீட்டர். அளவில் சிறிய இந்த ஆற்றின் நீர் தொடர்பான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றுள்ளது.

கல்லாறு, முல்லையாறு உள்ளிட்ட ஓடைகள் காட்டுப் பகுதியிலேயே நெய்யாற்றுடன் இணைகின்றன. மலையடிவாரத்திற்குக் கீழே செம்மண் குன்றுகளும் அவற்றின் இடையே ஒடுங்கிய பள்ளத்தாக்குகளும் மாறிமாறி வருகின்றன. குன்றுச் சரிவுகளில் ரப்பர், தென்னை, மரவள்ளி ஆகியவை பயிரிடப்படுகின்றன. பள்ளங்களில் உள்ள வயல்வெளிகளை இப்பகுதி மக்கள் 'ஏலா' என்பர். முன்பு நெல் விளைந்த ஏலாக்கள் பலவற்றில் இன்று வாழையே மிகுதி. நாராயண குரு 1888ஆம் ஆண்டு சிவலிங்கப் பிரதிஷ்டை செய்த அருவிப்புறமும், நெய்யாற்றின்கரை நகரமும் இந்த ஆற்றங்கரையில்தான் அமைந்துள்ளன.

மலைச்சரிவு செங்குத்தாகவும் ஆற்றின் நீளம் குறைவாகவும் இருப்பதால், பெய்யும் மழைநீர் விரைவில் கடலைச் சேர்ந்துவிடும். அதைத் தேக்கவே கள்ளிக்காடு அருகே அணை கட்டப்பட்டு, 1958ஆம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்தது. அணையிலிருந்து வலதுகரை, இடதுகரைக் கால்வாய்கள் பிரிகின்றன. இடதுகரைக் கால்வாய் தெற்கே சென்று விளவங்கோடு வட்டத்தை அடைகிறது.

அணைப் பணிகள் தொடங்கியபோது விளவங்கோடு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று அது கன்னியாகுமரி மாவட்டத்துடன் அன்றைய சென்னை மாநிலத்தில் இணைந்தது. நிலத்தின் சரிவைப் பின்பற்றித் திட்டமிடப்பட்ட கால்வாயின் குறுக்கே மாநில எல்லை பின்னரே வந்தது.

தமிழகத்தில் சுமார் 9,200 ஏக்கர் நிலம் இக்கால்வாயின் பாசனப் பரப்பில் உள்ளது. 2004ஆம் ஆண்டு கேரளம் நீர் வழங்குவதை நிறுத்தியது. நெய்யாறு மாநிலங்களுக்கு இடையிலான ஆறு அல்ல என்பது கேரளத்தின் வாதம். மறுசீரமைப்புக்கு முந்தைய திட்டத்தின் பாசன உரிமை தொடர வேண்டும் எனக் கோரும் தமிழக அரசு, 2012ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தை நாடியது. விளவங்கோட்டில் நெல் சாகுபடி சுருங்கியதற்குக் கால்வாய் வறண்டது மட்டுமே காரணமல்ல; ரப்பர் தந்த வருவாய்க்கும் அதில் பங்குண்டு. ஆயினும் கடைமடை வயல்கள் மழையையும் கிணறுகளையும் நம்பும் நிலைக்குத் தள்ளப்பட்டன.

கேரளத்திலும் இந்நீருக்குத் தேவை கூடியுள்ளது. 2017ஆம் ஆண்டு வறட்சியின்போது, திருவனந்தபுரம் நகரின் குடிநீருக்காக நெய்யாறு நீர்த்தேக்கத்திலிருந்து, கரமனை ஆற்றில் உள்ள அருவிக்கரை அணைக்கு நீர் இறைத்து அனுப்பப்பட்டது.